உயிரோடிருப்பவளுக்கு ஓர் ஒப்பாரி

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
16-1-1960

லண்டன் பட்டணத்தில் இருக்கும் தங்கச்சி சவேரியம்மாளுக்கு அக்கா இஞ்ஞாசியம்மாள் எழுதிக்கொண்டது. நான், உன் மச்சான், பவுலின், பன்னிரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். ஒரு கிடாய்க்கு மட்டும் வயிறு சரியில்லை. உன் சுகத்தை எழுது. அந்த ஊர்க் குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தோடுதான் இருக்கிறதா என்பதையும் எழுது.

இது என் கைப்பட எழுதுவது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை. எழுத்து ஆட்டுப்புழுக்கை சிந்தின மாதிரி இருக்கும், பொறுக்கிப் படித்துக்கொள். வீட்டுக் கடிதத்தை வழக்கம்போல நான் சொல்லச் சொல்லப் பவுலின் எழுதுவாள். அதைத் தெருவே கேட்கும். இது அப்படி இல்லை. பதிலைப் பேகம்பூர் முட்டைக்கடை நர்கீஸ் பேருக்குப் போடு. பவுலின் உன் வயிற்றில் பிறந்தவள் என்பது தெரிந்த நான்கு பேரில் நர்கீஸும் ஒருத்தி. மற்ற மூன்று பேர் நான், நீ, உன் மச்சான். பவுலினுடைய அப்பன் சண்டைக்குப் போன இடத்திலேயே மண்ணாகிவிட்டான். ஐந்தாவது ஆள் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். பவுலினுக்குப் பதினேழு நடக்கிறது. தோல் ஷாப்பு மேஸ்திரி வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்கள். பையன் பேர் ராயப்பராஜ். தோல் பதனிடும் படிப்புக்கு உங்கள் சீமையில்தான் இருக்கிறான், லீட்ஸ் என்ற ஊரில். வருகிற செப்டம்பரில் கப்பல் ஏறுகிறான். ஆடு என்றால் நானே வாயைப் பிடித்துப் பல்லைப் பார்த்து வயசு சொல்லிவிடுவேன். மாப்பிள்ளையை அப்படிப் பார்க்க விடமாட்டார்கள். நீதான் ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வரவேண்டும். பவுலினின் சித்தி என்று சொல்லிப் போ.

முகம் தெரிகிற பெட்டியில் இப்போது என்ன வேஷம் கட்டுகிறாய்? உன் மச்சான், "அவ பெட்டிக்குள்ள எப்படி நுழைஞ்சா, அம்புட்டு ஒல்லியாவா ஆயிட்டா?" என்று கேட்கிறார்.

உன் அக்கா,
இஞ்ஞாசியம்மாள்.


லண்டன்,
9-2-1960

என் அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பொறுக்கிப் படித்தேன். ஒரு புழுக்கைகூடக் கீழே விடவில்லை. நான் சுகம். மூக்கு இருக்கிறது.

மச்சானுக்குச் சொல். டெலிவிஷன் பெட்டிக்குள் யாரும் நுழைவதில்லை. மாதா கோவில் கூடம் மாதிரி ஒரு பெரிய கொட்டகை. அதற்குள்ளேயே கப்பல், பங்களா, ஆஸ்பத்திரி எல்லாம் அட்டையில் கட்டியிருப்பார்கள். நாங்கள் நடிக்கிற அந்த நிமிஷமே வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். வசனம் மறந்தால் மறந்ததுதான். சினிமா மாதிரி மறுபடி எடுக்க முடியாது. போன மாதம் கப்பல் காட்சி முடிந்து பங்களாக் காட்சிக்கு ஓடும்போது கம்பி தடுக்கி விழுந்தேன். முழங்காலில் ரத்தத்தோடு துரைக்குத் தேநீர் கொடுத்தேன். சேலை மறைத்தது.

தோல் கம்பெனித் துரை வீட்டு ஆயாவாக நான் இங்கே வந்து பத்து வருஷம். பிள்ளைகள் போர்டிங் பள்ளிக்கூடம் போனதும் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாடகத்துக்காக வெள்ளைக்காரி ஒருத்திக்குச் சேலை கட்டிவிடக் கூப்பிட்டார்கள். கட்டிவிட்டு ஓரமாக நின்றவளை, "நீயும் அந்த மூலையில் நில்" என்றார்கள். அப்படி நின்றவள்தான். இந்த ஐந்து வருஷத்தில் ஒன்பது தரம் ஆயா, மூன்று தரம் குறி சொல்கிறவள், ஒரு தரம் மகாராணியின் தோழி. மகாராணி ஆனதில்லை. அதற்கு ஒரு வெள்ளைக்காரியைப் பிடித்து முகத்தில் காப்பி நிறத்தைப் பூசுகிறார்கள். பேரையும் ஷீலா சேவியர் என்று மாற்றிவிட்டார்கள். முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பியே பார்க்க மாட்டேன்.

இப்போது முதல் தடவையாகப் பெரிய வேஷம். தான் வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்த ஆயா. கடைசியில் இரண்டு நிமிஷம் தனியாக உட்கார்ந்து அழ வேண்டும். "உன் பாஷையில் அழு, எது வேண்டுமானாலும் சொல், யாருக்கும் புரியப் போவதில்லை" என்கிறார் டைரக்டர். என்ன சொல்லி அழுவது?

பவுலின் உன் தோளுக்கு வந்துவிட்டாளா? தலைமுடி நீளமா? எண்ணெய் எது தேய்க்கிறாள்?

தங்கை,
சவேரி.


இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
12-3-1960

சீமைச் சிங்காரி சவேரியம்மாளுக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். தவக்காலம் என்பதால் நம் சனங்கள் கறி தின்பதில்லை. ஆடுகளுக்கு ஆயுசு கெட்டி, எனக்கு வியாபாரம் மட்டம்.

நீ கெட்டிக்காரி. பவுலினின் முடியையும் எண்ணெயையும் கேட்டாய், பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. போய்ப் பார்க்கவில்லை, அப்படித்தானே? ஏன் என்று கேட்கமாட்டேன். பவுலின் என் தோளைத் தாண்டிவிட்டாள். தேங்காய் எண்ணெய்தான்.

அழுவதற்கு வார்த்தையா இல்லை? ஆட்டு விலை சொல்லி அழு. "ஐயோ வெள்ளாடே, பல்லு போட்ட கிடாயே, சினையாடே, செம்மறியே" என்று மாரில் அடித்துக்கொண்டு ராகம் போட்டால் உங்கள் ராணியே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். யாருக்குத் தெரியப் போகிறது?

போன ஞாயிறு பையனின் அம்மா பெண் பார்க்க வந்தாள். பவுலின் காப்பி கொடுத்தாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த அம்மா குடித்து முடித்து, உதட்டைத் துடைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"லண்டன்ல இருக்கிற ஒங்க தங்கச்சி நாடகத்துல ஆடுறதா ஒரு பேச்சு காதுல விழுந்துச்சே?"

"யாரு சொன்னா அப்படி?"

"யாரோ சொன்னாக. எங்க வழியில கூத்தாடிக கெடையாது பாருங்க, அதான் கேட்டு வச்சுக்கிட்டேன்."

"அவ ஆசுபத்திரியில நர்சு. ஊசி போடுறவ. நீங்க அங்கன போனா ஒங்களுக்கும் போடுவா" என்றேன். அவள் சிரித்தாள். பவுலின் சிரிக்கவில்லை. பொய் சொல்லும்போது நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

இது ஒன்றுதான் சிக்கல் என்றால் சமாளித்துவிடுவேன். மற்றது வெளியே வராத வரைக்கும் எனக்குப் பயம் இல்லை.

அக்கா,
இஞ்ஞாசியம்மாள்.


லண்டன்,
26-4-1960

அக்கா,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒத்திகை மூன்று வாரம். தரையில் வெள்ளை நாடா ஒட்டி, இது சுவர், இது கதவு என்பார்கள். மூன்று வாரமும் நீ சொன்னபடி ஆட்டு விலை சொல்லித்தான் அழுதேன். "பிரமாதம்" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மாலை நிஜமாகவே நடத்தினோம். கடைசிக் காட்சி. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். வெள்ளாடு வரவில்லை, அக்கா. வேறு வந்தது. வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆட்டுப்பால் குடிச்சியே என் அருமை மகளே பவுலினே
அடுத்த அறையில படுத்திருந்தேன் பெத்த மாரு கனத்திருந்தேன்
அய்யலூருச் சந்தைக்குப் போற அக்கா மடியில போட்டேனே
அம்மான்னு அவளக் கூப்பிட்ட அழகக் கண்டு நின்னேனே
சித்தின்னு நீ சொல்லையில செத்துச் செத்துப் பொழச்சேனே

இன்னும் வந்தது. இரண்டு நிமிஷம் நான்கு நிமிஷம் ஆனது. நிறுத்தச் சொல்லி யாரும் சைகை காட்டவில்லை. விளக்கு அணைந்த பிறகு பார்த்தால் கேமராக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

மறுநாள் பேப்பரில் என் படம். இன்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வாராவாரம் வரப்போகிற ஆஸ்பத்திரி நாடகத்தில் எனக்கு நர்ஸ் வேஷம், இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். ஆயா இல்லை அக்கா, நர்ஸ். ஆங்கிலத்தில் வசனம். அந்த அம்மாவிடம் நீ சொன்ன பொய்யைப் பாதி நிஜமாக்கிவிட்டேன்.

பதினேழு வருஷமாக உள்ளே கிடந்ததை ஒரு நாட்டுக்கே கேட்கச் சொல்லி அழுதுவிட்டேன், ஒருவருக்கும் புரியவில்லை. எவ்வளவு நிம்மதி தெரியுமா? திண்டுக்கல்லில் ஒரு மூச்சு சத்தமாக விட்டிருக்க முடியுமா?

தங்கை,
சவேரி.


இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
9-5-1960

சவேரிக்கு,

கடிதத்தை நர்கீஸ் கடையில் முட்டைக் கூடைமேல் வைத்துப் படித்தேன். நர்கீஸ், "என்னாச்சு புவா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" என்றாள். நான் சொல்லவில்லை. அவளிடம்கூடச் சொல்லக் கூசியது.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்திருக்கிறாய். பேர் சொல்லி வைத்திருக்கிறாய். காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வைத்திருக்கிறாய். செத்த வீட்டில் அழும்போதுகூட வாய் தவறி உயிரோடிருப்பவர் பேர் வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்களே, உனக்குத் தெரியாதா? கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணடி அவள்.

நீ அழுத அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். வெயில் காய்ச்சல்தான், மூன்று நாளில் இறங்கிவிட்டது. அப்போது உன் கடிதம் வரவில்லை, அதனால் சும்மா இருந்தேன். இப்போது தேதியைப் பார்த்தேன். பார்த்த அன்றே அந்தோணியார் கோவிலுக்கு நடந்தே போய் அவள் பேரில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்டாள். கிடாய்க்கு வேண்டுதல் என்றேன்.

யாருக்கும் புரியவில்லை என்கிறாய். லீட்ஸ் என்ற ஊருக்கு உங்கள் பெட்டி தெரியுமா, தெரியாதா? அந்தப் பையன் இருக்கிற வீட்டில் பெட்டி உண்டா? இதற்கு மட்டும் பதில் எழுது.

இஞ்ஞாசி.


லண்டன்,
20-6-1960

அக்கா,

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. காரணம் இதோ.

நாடகக் கம்பெனி விலாசத்துக்கு எனக்கு ஒரு தமிழ்க் கடிதம் வந்தது. அதில் இருந்ததை எழுதுகிறேன்.

"மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு. நான் திண்டுக்கல்லைச் சேர்ந்தவன். லீட்ஸில் படிக்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவோடு உங்கள் நாடகத்தைப் பார்த்தேன். அந்த அம்மா அழுதார்கள். 'அவள் என்ன சொல்கிறாள்?' என்று என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அய்யலூர்ச் சந்தைக்குப் போகிறவர் மகள் பவுலின் என்ற பெண்ணை எனக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பாடியது நடிப்புக்காகச் சேர்த்த வார்த்தைகளா, இல்லையா? இதை நான் யாருக்கும் எழுதவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துத்தான் என் வீட்டுக்கு எழுதுவேன். இப்படிக்கு, ராயப்பராஜ்."

எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது. நான்கைந்து தரம் எழுதிப் பார்த்துவிட்டு நல்லதை அனுப்பியிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

நான் என்ன எழுதட்டும்? பொய் எழுதச் சொன்னால் எழுதுகிறேன். எனக்கு அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். முடிவு உன்னுடையது.

சவேரி.


இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
2-7-1960

என் தங்கமான சவேரிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகமாய் இருக்கிறோம். போன கடிதத்தில் கத்திவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

நடிப்பு என்று எழுது. அக்கா மகள் பேர் வாயில் வந்துவிட்டது, அக்கா ஆட்டு வியாபாரி, அதுவும் வந்துவிட்டது, மற்றது எல்லாம் நாடகக்காரர்கள் எழுதிக் கொடுத்தது என்று எழுது. நான் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். பெரியவள் சின்னவள் காலில் விழக்கூடாது, ஆனால் இவ்வளவு தூரத்தில் விழுந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

சொல்லிவிடலாமே என்று உன் மச்சான் சொல்கிறார். "பிள்ளைக்கு விவரம் தெரிஞ்சு போச்சு, சொன்னா தாங்கிக்கிருவா" என்கிறார். அவருக்கு என்ன? அப்பனை யாரும் மாற்றிவிட முடியாது, பெற்ற அப்பன்தான் மண்ணாகிவிட்டானே. எனக்கு அப்படியா? அவளைப் பெற்றவள் சீமையில் பேப்பரில் படம் வருகிற மாதிரி இருக்கிறாள். வளர்த்தவள் மேல் கிடாய் நாற்றம் அடிக்கிறது.

இதை வேடிக்கைக்குத்தான் எழுதினேன். நீ எழுதிவிடு. எழுதியதும் எனக்குத் தெரியப்படுத்து.

அக்கா,
இஞ்ஞாசியம்மாள்.


இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
11-9-1960

அன்புள்ள சித்தி அவர்களுக்கு, அம்மா சொல்லச் சொல்லப் பவுலின் எழுதுவது.

நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலனைப் பற்றி இரண்டு மாதங்களுக்கு மேலாக ஒரு தகவலும் இல்லாததால் அம்மா கவலையாக இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் கப்பல் இந்த மாதக் கடைசியில் பம்பாய் வந்து சேருமாம். பத்தாம் மாதம் பேச்சை முடிக்க வருவதாக அவர் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மா இப்போது சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "சவேரி, நான் வாங்கச் சொன்ன சாமானை வாங்கி அந்தப் பையனிடம் கொடுத்து அனுப்பினாயா, இல்லையா? கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை எழுது. அந்தச் சாமான் வராவிட்டால் இந்த வீடு வீடாக இருக்காது."

அப்பாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

இது நானாக எழுதுவது, சித்தி. அம்மா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். அது என்ன சாமான்? சொல்லும்போது அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. கேட்டால், "ஒரு சீமைச் சீப்புடி" என்றாள். சீப்பு வராவிட்டால் வீடு ஏன் வீடாக இருக்காது? அம்மா கொஞ்ச நாளாகச் சத்தமாகவே பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் மகள்,
பவுலின்மேரி.


லண்டன்,
25-9-1960

அக்கா,

பவுலின் எழுதிய கடிதம் வந்தது. சித்திக்கு எழுதுகிற வழக்கப்படி, "தங்கள் மகள்" என்று முடித்திருக்கிறாள். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு மேல் என் கண் நகர வெகு நேரம் ஆயிற்று.

நீ சொன்ன சாமானைக் கொடுத்தேன். ஜூலையிலேயே எழுதிவிட்டேன், எல்லாம் நடிப்பு என்று. அழகாகத்தான் எழுதினேன். ஆகஸ்ட் கடைசியில் அவன் என் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டான். ஒத்திகை நடக்கிற இடத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். நான் நர்ஸ் உடுப்பில் இருந்தேன். ஒல்லியாக, காது கொஞ்சம் பெரிதாக இருக்கிறான், அக்கா. நல்ல பையன். நீ பல்லைப் பார்க்க வேண்டியதே இல்லை.

"நீங்க எழுதுனத நம்பிட்டுக் கப்பல் ஏறத்தான் ஆசைப்பட்டேன். ஒரே ஒரு தரம் ஒங்க வாயால சொல்லிருங்கம்மா. போயிருறேன்" என்றான்.

சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு நாட்டுக்கு முன்னால் நடிக்கிறவளுக்கு ஒரு பையனுக்கு முன்னால் வரவில்லை. அவன் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"இதுனால எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா கட்டிக்கிட்டு, அந்தப் பொண்ணுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்னு தெனமும் அது மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. தெரிஞ்ச பெறகு அது சம்மதிச்சாக் கட்டிக்கிறேன். நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவுக சொல்லணும்" என்றான்.

உனக்கு இதை எழுத ஒரு மாதம் தைரியம் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன். சொல்ல வேண்டியவள் நீ. நான் பவுலினுக்கு ஒரு வரி எழுத மாட்டேன். சொல்லாமல் இந்தச் சம்பந்தத்தையே விட்டுவிடலாம் என்றாலும் சரி, அதற்கும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அந்த உரிமை உனக்குத்தான்.

சவேரி.


இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
17-10-1960

சீமை நர்சம்மா சவேரிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் பரம சுகம். மழை நன்றாகப் பெய்கிறது, குஜிலியம்பாறை வரைக்கும் மானாவாரி எல்லாம் பச்சை. வியாபாரம் அமோகம்.

சொல்லிவிட்டேன். போன வியாழக்கிழமை, அய்யலூர்ச் சந்தையில். வீட்டில் சொல்லப் பயம். வீட்டில் சொன்னால் அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்கும். சந்தையில் ஆயிரம் ஆடு கத்துகிறது, யாருக்கு எது கேட்கும்? துணைக்கு வா என்று கூட்டிப் போனேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "ஏடி பவுலினு, ஒண்ணு சொல்லணும். நான் ஒன்னப் பெக்கலடி" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்தான். வேடசந்தூர்க்காரன். "ஏத்தா, இந்தக் கெடாய் என்ன வெல?" என்று துண்டை விரித்துக் கையை நீட்டினான். நானும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துவிட்டேன். ஒரு விரலுக்கு இத்தனை ரூபாய் என்பதுதானே சந்தைக் கணக்கு, எத்தனை விரலைப் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "சரித்தா, சரித்தா" என்று கிடாயை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வந்த விலையைப் பார்த்தால் அது கிடாய் விலை இல்லை, குட்டி விலை. உன் மச்சான் இன்னும் சிரிக்கிறார்.

அவன் கிடாயை ஓட்டிக்கொண்டு போவதைப் பவுலின் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"சித்தியா?"

"ஆமா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவுதான். மிச்ச ஆட்டுக் கயிறுகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ் வருவதற்குள் எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தாள். ஒன்றுமே ஆகவில்லை சவேரி, நான்தான் வீணாகப் பயந்துபோனேன். பிள்ளை எப்போதும் போல இருக்கிறாள். நானும் எப்போதும் போல இருக்கிறேன்.

ராயப்பராஜிடம் அவளே பேசிவிட்டாள். அவன் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்து, மூன்றாம் நாள் எழுந்து, தைமாதம் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள்.

நீ கட்டாயம் வரவேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் இரண்டு அம்மாக்களும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலைத் தட்டு மாற்ற வேண்டும். அந்த இடத்தில் நீ உட்கார். பெற்றவள் இருக்கும்போது நான் உட்காருவது சரியில்லை. இதை மனசாரத்தான் எழுதுகிறேன். நான் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு அதுதான் லாயக்கு.

உன் அக்கா,
இஞ்ஞாசியம்மாள்.


திண்டுக்கல்,
24-10-1960

இந்தக் கடிதத்தை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஆரம்பிக்காமலே எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம் என்று எழுத முடியவில்லை.

அம்மா உங்களுக்கு எழுதியதாகச் சொன்னாள். என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வியாபாரம் அமோகம் என்று எழுதியிருப்பாள். போன வியாழக்கிழமை அம்மா சந்தைக்குப் போகவில்லை. இந்த வியாழக்கிழமையும் போகமாட்டேன் என்கிறாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா சந்தை தவறியதே இல்லை. சேலையைச் சோப்புப் போட்டுத் துவைத்துத் துவைத்து முகர்ந்து பார்க்கிறாள். நர்கீஸ் அத்தை வந்து கிண்டல் செய்தால் சிரிக்கிறாள். அத்தை போனதும் சிரிப்பும் போய்விடுகிறது.

நர்கீஸ் அத்தையிடம் இருந்த உங்கள் கடிதங்களை வாங்கிப் படித்தேன். நீங்கள் பாடியதையும் படித்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த அறையில் படுத்திருந்த உங்களை நினைத்தால் எனக்கும் கனக்கிறது. ஆனால் அந்தப் பாரத்தை இப்போது என்னால் தூக்க முடியாது.

நான், "அம்மா" என்று கூப்பிட்டால் அவள் உடனே திரும்புவதில்லை. ஒரு நொடி நிற்கிறாள். தன்னைத்தானா என்று யோசித்துவிட்டுத் திரும்புகிறாள். பதினேழு வருஷமாக நான் பாதி கூப்பிடும்போதே, "என்னடி?" என்று கத்துகிறவள் அவள்.

வெற்றிலை மாற்ற உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று அப்பா சொன்னார். நீங்கள் வந்தால் அவள் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் கொடுப்பாள். அதற்குப் பிறகு எப்போதும் அந்த இடத்தில் உட்காரமாட்டாள்.

அந்த ஒரு நொடி போகிற வரைக்கும் நீங்கள் வரவேண்டாம். நான் இப்படிக் கேட்டது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் என்னைத் திட்டிவிட்டு உங்களுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்க ஆடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அந்த நொடி போன பிறகு ஒரு நாள் நானே எழுதுவேன்.

பவுலின்மேரி.


லண்டன்,
6-11-1960

என் அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் நாள்தோறும் செபம் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நர்கீஸ் பேருக்கு இல்லாமல் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். பவுலினைவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி படிக்கச் சொல்.

கல்யாணச் சேதி கேட்டுத் துள்ளிக் குதித்தேன். அன்றைக்கே போய் லீவு கேட்டேன், அக்கா. தரமாட்டேன் என்கிறார்கள். இந்த ஆஸ்பத்திரி நாடகம் வாராவாரம் நடக்கிறது. நான் இல்லாவிட்டால் கதை நகராதாம், தைமாதம் முழுக்க எனக்குப் பெரிய பெரிய காட்சிகளாம். கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் இந்த விஷயத்தில் ஈவிரக்கம் இல்லாதவர்கள். கப்பலில் போய் வரவே ஒன்றரை மாதம் ஆகும், அதற்குள் வேறு ஒருத்தியைப் பிடித்துக் காப்பி நிறம் பூசிவிடுவார்கள். எனக்கு இந்தப் பிழைப்பை விட்டால் வேறு இல்லை. உன் தங்கச்சி சம்பாத்தியத்துக்காக ஊரை மறந்தவள் என்று நாலு பேர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ என்மேல் வருத்தப்படுவாய், திட்டுவாய். திட்டு. நல்ல சத்தமாகத் திட்டு. திட்டிவிட்டு வியாழக்கிழமை சந்தைக்குப் போய் அந்த வேடசந்தூர்க்காரனைத் தேடிப் பிடித்து நஷ்டத்தை வசூல் பண்ணு.

வெற்றிலையை நீதான் மாற்ற வேண்டும். பட்டுச் சேலைக்குப் பணம் தனியாக அனுப்பியிருக்கிறேன். அரக்கு நிறத்தில் எடு, உனக்கு அதுதான் எடுப்பாக இருக்கும். பெண்ணின் அம்மா பளிச்சென்று தெரிய வேண்டாமா?

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
பவுலினின் சித்தி,
சவேரியம்மாள்.